எருமைக் கதைக்கு ஆமென்

சேசு மரி சூசை துணை

பொம்மிடி
20-4-86

அன்பு மகள் லூர்து மேரிக்கு உன் அப்பா அருள்சாமி ஆசீர்வதித்து எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், எருமை நிறைமாதமாக நிற்கிறது. நீ சுகம் என்பதை இந்தத் தடவை காகிதத்தில் படிப்பதற்கு முன்னால் காதாலேயே கேட்டுக்கொண்டோம். உன் கேசட் வந்தது, அதன் பின்னாலேயே கடிதமும் வந்தது. ஜூன் மாதம் ஸ்பானிஷ் பரீட்சை, நம் ஊர் பிளஸ் டூ மாதிரி பெரிய பரீட்சை, தேறினால் ஸ்பெயினிலேயே மூன்று வருடம் நர்ஸ் படிப்பு, நடுவில் லீவு கிடையாது, தேறாவிட்டாலும் வீட்டில் வேண்டாம் என்றாலும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று உங்கள் கன்னியர் மடத்து மதர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அப்பா என்ன சொல்றீங்க என்று கேட்டிருக்கிறாய். நான் என்னத்தைச் சொல்வேன் கண்ணு. பதில் இவ்வளவு தாமதமானதற்கு அதுதான் காரணம், போஸ்ட்மேன் மேல் பழி போட மாட்டேன்.

முதலில் கேசட் சங்கதியைக் கேள். ரயில்வேயில் இருக்கும் உன் சித்தப்பா பிலவேந்திரனிடம் டேப் ரெக்கார்டர் கேட்டு வாங்கி வந்து வாசலில் ஸ்டூல் போட்டு வைத்தேன். தெருவே கூடிவிட்டது. போட்டால், நல்லா இருக்கேன், நல்லா சாப்பிடறேன் என்று தமிழில் ரெண்டு வார்த்தை, அப்புறம் உன் குரலிலேயே மளமளவென்று வேறு பாஷை. அது என்னவென்று விவரம் சொன்ன கடிதம் அதற்கப்புறம்தானே வந்தது. எல்லோரும் முழித்துக்கொண்டிருக்கும்போது நம் பழைய உபதேசியார் சவரி கையைத் தூக்கினார். அந்தக் காலத்து லத்தீன் பூசையை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லுபவர் அல்லவா. இது பூசை பாஷைங்க, புள்ள நமக்காக வேண்டிக்கிது, எல்லாரும் முட்டி போடுங்க என்றார். போட்டோம். நீ மூச்சு விட நிறுத்தின இடத்திலெல்லாம் ஆமென் என்றோம். நம் கோயில் பக்கமே வராத அடுத்த வீட்டு ராமக்காள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடிதம் வந்து, நீ தமிழில் எழுதியிருந்த அர்த்தத்தைப் படித்தால், மாதா திருவிழா அன்றைக்கு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு தேருக்கு முன்னால் ஓடினதும், புது வேட்டியோடு நான் துரத்திப் போய்ச் சேற்றில் விழுந்ததுமாம். பரீட்சைக்குப் பேசிப் பழகினாயாம். ஏன் கண்ணு, அந்த ஊர் டீச்சரிடம் சொல்ல உனக்கு வேறு கதையே கிடைக்கவில்லையா? நான் சேற்றில் விழுந்ததற்கு ஒரு தெருவே முட்டி போட்டு ஆமென் சொல்லியிருக்கிறது. சவரியிடம் சொன்னேன், அவர் கொஞ்சமும் அசரவில்லை. சொன்ன ஆமென் வீணாப் போவாதுங்க, புள்ள பாஸாயிடும் என்கிறார்.

உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை போடுங்க என்றாள். இப்போது தினமும் போடச் சொல்கிறாள், பிலவேந்திரன் பெட்டியைத் திருப்பிக் கேட்கவே கூச்சப்படுகிறான். ஒரு இடம் வந்ததும் பெட்டி மேல் கையை வைத்து, இந்த எடத்துல அவளுக்குத் தொண்ட அடைக்குது, கேளுங்க என்கிறாள். உன் கடிதத்தை வைத்துப் பார்த்தேன். அவ்வளவு அமளியிலும் எருமையைத் திட்டிக்கொண்டே அம்மா முதல் தம்ளர் பாலை எனக்குத்தான் கொடுத்தாள் என்று நீ சொல்லும் இடம் அது. ஒரு வார்த்தை தெரியாமல் எப்படிக் கண்டுபிடித்தாளோ. எனக்கு வேறு ஒன்று குத்தியது. தமிழில் நீ பேசின ரெண்டு வார்த்தையில் சிரிப்பு இல்லை, அந்தப் பாஷையில் சிரிக்கிறாய். ராத்திரியெல்லாம் மனசு சரியில்லை. அப்புறம் நம் வீட்டை நினைத்துத்தானே சிரிக்கிறாள் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது. சந்தைக்குப் போனால் கை தானாகக் கொய்யாப்பழத்துக்குப் போகிறது, வாங்கி வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாங்களே தின்கிறோம்.

இதோடு நிறுத்தி வைத்திருந்தேன், இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை மீதியை எழுதுகிறேன். நீ படி கண்ணு. தேறிவிட்டு அங்கேயே நர்ஸுக்குப் படி. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன். எங்களை நினைத்துக்கொண்டு பரீட்சையில் தெரிந்ததைத் தெரியாதது போல எழுதிவைத்துவிட்டு ஊருக்கு வந்து நிற்காதே. நீ அப்படிச் செய்யக்கூடியவள், எனக்குத் தெரியும். குளிருக்குக் கம்பளி போடு, தலைக்கு எண்ணெய் வை, சிஸ்டர்கள் மனம் கோணாமல் நட. பரீட்சை அன்று காலையில் நம் தெரு முழுக்க முட்டி போடும், அதற்குச் சவரி பொறுப்பு. மாதாவும் சூசையப்பரும் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

கேசட்டைத் திருப்பி அனுப்புகிறேன், பத்திரமாகப் போட்டுக் கேள். மறுபக்கத்தில் உன் அம்மாவைப் பேசச் சொன்னேன். இருக்கச் சொல், இல்லை வரச் சொல், உன் வாயால் ஒன்றைச் சொல் என்றேன். வெகுநேரம் வெறும் பெட்டிச் சத்தம்தான் ஓடும், நிறுத்திவிடாதே. கடைசியில் பேசுவாள். எரும கன்னு போட்டிருக்குது கண்ணு, சீம்பால் காய்ச்சினேன், உனக்குன்னு ஒரு தம்ளர் எடுத்து வெச்சேன், நாளைக்குள்ள கெட்டுப்போயிடும், ராமக்காளுக்குக் குடுத்துடறேன், நீ அடுத்த ஈத்துக்கு வா, இல்லாட்டி அதுக்கு அடுத்த ஈத்துக்கு வா, அதுவரைக்கும் எருமய விக்க மாட்டேன்.

உன் அப்பா,
அருள்சாமி