முந்நூற்றில் நின்ற எண்

என் பிரியமுள்ள சேகர்,

போதும், நான் வாயை மூடிக்கொண்டிருந்தது. நீ போய் எட்டு மாதமாகிறது. உன் சாவுக்கு நான் வரவில்லை. மயிலாப்பூரிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை என்ன அவ்வளவு தூரமா? கோபம்தான் தடுத்தது. அது தப்பான கோபம் என்று போன வாரம்தான் தெரிந்தது.

நம் அச்சகத்தில் தட்டச்சுக் கணினிகளை மாற்றிவிட்டார்கள். புதியதில் தட்டினால் எனக்கு எழுத்தெல்லாம் இரட்டையாக விழுந்தது. 'வணக்கம்' என்றால் 'வவணக்கம்'. கீபோர்டு சரியில்லை என்று சத்தம் போட்டேன். என் குணம் உனக்குத் தெரியாதா?

சரிபார்க்க வந்த பெண் என் பழைய கணினியைத் திறந்து பார்த்தாள். "கீபோர்டு நல்லாத்தான் இருக்கு சார். இதுல யாரோ உங்களுக்காக செட்டிங்ஸ் ஃபைலையே கையால திருத்தியிருக்காங்க. ஒரே கீயை உடனே இன்னொரு தடவை அமுக்கினா எடுத்துக்காது. மெனு வழியா மாத்தியிருந்தா திரையில ஒரு அடையாளம் தெரிஞ்சிருக்கும். இப்படி மாத்தினா யாருக்கும் தெரியாது."

அந்தக் கோப்பில், கணினி கண்டுகொள்ளாத வரிகளாக, உன் குறிப்புகள் இருந்தன. நொடியை ஆயிரமாக்கி, அதில் எத்தனை பங்கு பொறுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் தேதி போட்டு ஓர் எண். "வாத்யார் கை ஆடுது. 600." பிறகு, "கொஞ்சம் பரவால்ல. 500." அப்புறம் 400. "சீக்கிரமே இது வேணாம். 300." அதோடு நின்றுவிட்டது.

பக்கவாதம் வந்து எழுந்த புதிதில் என் வலது கை நடுங்கியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். மனவுறுதியால் சரியாகிவிட்டது என்று இத்தனை வருடம் பெருமைப்பட்டேன்.

அந்த முந்நூறு என்ற எண்ணை எழுதிய நாளில்தான் உன்னை என் நாற்காலியில் பார்த்தேன். "என் மெஷின்ல உனக்கு என்னடா வேலை?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"இன்னா வாத்யாரே, அது இன்னா பேங்க் லாக்கரா?" என்று சிரித்தாய்.

என் பக்கங்களை நீ கெடுக்கிறாய் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் உன்னைத் திட்டி, கணினி அறையிலிருந்து பைண்டிங்குக்கு அனுப்பினார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாய். சொன்னால் என் கை விஷயம் வெளியே வந்துவிடும் என்றா சொல்லாமல் இருந்துவிட்டாய்?

என்னைவிடக் குறைவாகப் படித்தவர்கள் மேலே போனதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. என்னைத் தாங்க ஓர் ஆள் இல்லை என்று சொல்லியே திரிந்தேன். நீ இருந்திருக்கிறாய். அதற்கு நன்றி என்ற சொல் எனக்குப் போதவில்லை, சேகர்.

நேற்று முதலாளியிடம் கையையும் காட்டினேன், கோப்பையும் காட்டினேன். "பார்க்கலாம்" என்றார். என் வேலை இருக்குமா, தெரியவில்லை. பைண்டிங்கில் உன்னோடு இருந்தவர், "அவன் இருந்தப்போ வாயத் தொறக்கல, இப்போ வந்து சொல்லிக்கினு கீறியே" என்றார்.

உன் வரிகளைப் புதிய கணினியில் நானே எழுதிவிட்டேன். நீ குறைத்த மாதிரியே, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கையைப் பழக்கி அந்த எண்ணை இனி நான் குறைப்பேன். சத்தியம்.

இதை அச்சகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன். எழுதியது யாரென்று எல்லோருக்கும் தெரியும். முடிவில் 'உன் அண்ணன்' என்று எழுதி, கோடு போட்டு அடித்துவிட்டேன். என்னை அண்ணன் என்று நீதான் சொல்லியிருக்க வேண்டும். பெயரும் போடவில்லை. இந்தத் தாளில் உன் பெயர் மட்டும் இருக்கட்டும்.