பாப்பாவுக்கு ஐந்து விநாடி

அன்புள்ள காந்தத்துக்கு,

உன் வத்திப்பெட்டி எழுதுகிறேன். நான் நலம், சளி மட்டும் விட்டபாடில்லை. அங்கே குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் கடிதம் கிடைத்தது. அந்த ஓட்டை மெஷினை மூடினால் மூடட்டும், நீ இங்கே வந்துவிடு, வேலை தயாராக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஓட்டை மெஷினாம்! அதன் காந்தச் சுருள் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தவன் நீதான். நான் வரப்போவதில்லை. மாதக் கடைசியில் ஆய்வுக் குழு வருகிறது. கொதிக்கும் பிளாஸ்மா வாயுவை ஐந்து விநாடி அணையாமல் நிறுத்திக் காட்டினால் இயந்திரம் தப்பும், இல்லையென்றால் கூடத்துக்குப் பூட்டு. இதுவரை மூன்றைத் தாண்டவில்லை. தாண்ட வைக்காமல் விடமாட்டேன்.

சூடு ஒரு பிரச்சினையே இல்லை. சூரியனின் நடுப்பகுதியைவிட அதிகமாகவே ஏற்றிவிடுகிறோம். சூரியனுக்கென்ன, தன் எடையாலேயே தன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நமக்குக் காந்தப்புலம்தான் கதி. மூன்றாவது விநாடியில் பிளாஸ்மா மேலே எழும்பிச் சுவரில் உரசுகிறது, உரசியதும் குளிர்ந்து அணைந்துவிடுகிறது. எழும்பும்போதே கீழே அழுத்த வேண்டிய உன் கணினி நிரல் ஆற அமரத்தான் விழித்துக்கொள்கிறது. அதனால் அதில் கை வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

இதற்கு நடுவே ஒரு கூத்து. கைக்குழந்தை மாதிரி, கொஞ்சம் அசந்தால் கைநழுவிப் போய்விடுகிறதே என்று நம் வெல்டர் அண்ணன் பிளாஸ்மாவுக்குப் பாப்பா என்று பெயர் வைத்தார் அல்லவா? நம் வீட்டில் அது நடந்த பிறகு எல்லோரும் என் எதிரே அந்தப் பெயரை மென்று விழுங்கினார்கள். எனக்கு அதுதான் எரிச்சல். பழையபடியே கூப்பிடுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். போன வாரம் வீட்டு வாசலில் நின்று இயக்குநரிடம் போனில், "பாப்பா மூணு செகண்டுதான் சார் தாங்குச்சு, போயிடுச்சு" என்று கத்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்து, "ஐயோ, எப்பம்மா? சொல்லவே இல்லையே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

அது இயந்திரம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். சிரிப்புத்தான் முதலில் வந்தது. ஆனால் வாயிலிருந்து விழுந்தது வேறு. "பொண்ணு அக்கா. ஒரு நாள்தான் இருந்தா" என்றேன். அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்புறம் நானும் அழுதேன். அந்த அக்கா வீட்டு அடுப்பில் இருந்தது தீய்ந்தே போயிற்று.

உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. நீ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வேலை விஷயமாக வெளியூர் போனவன், விமானம் கிடைக்காதது உன் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் இருந்தது. இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நீ பெரிய இயந்திரத்தைத் தேடிப் போனாய், நான் இந்தச் சின்னதைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன். நாம் இருவரும் உட்கார்ந்து அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

விடுப்புக் கேட்டுக் கிளம்பி வா. நிரலைத் திருத்துவதற்காக அல்ல, அதை நானே பார்த்துக்கொள்வேன். குழுவுக்கு முன்னால் பிளாஸ்மாவைப் பற்றவைக்கும் பொத்தானை அழுத்தப்போவதும் நான்தான். ஐந்து விநாடி நின்றாலும் சரி, நிற்காமல் போனாலும் சரி, இந்தத் தடவை நான் தனியாகப் பார்க்க மாட்டேன். நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
வத்திப்பெட்டி