திங்கட்கிழமைச் சபைகூடல்

திங்கள், இரவு.

ரெம்பியாப் பள்ளிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து திங்கட்கிழமை என்றாலே எனக்குப் பயம். சனி, ஞாயிறில் சில வீடுகளில் அடுப்பு எரியாது. திங்கள் காலை, எல்லாரும் திடலில் வரிசையாக நிற்கும் சபைகூடலில் ஏதாவது ஒரு பிள்ளை மயங்கி விழும். நான் முதலாம் ஆண்டு வரிசைக்குப் பின்னால், தாங்கிப் பிடிக்கத் தயாராக நிற்பேன்.

இந்தத் தவணையில் மலாக்கா நகரிலிருந்து உணவு வங்கியின் லாரி வரத் தொடங்கியது. அரிசி, முட்டை, கடைகளில் விற்காமல் மிஞ்சிய காய்கறி. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் ஆளுக்கொரு பையை வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். காலையில் மணியடிக்கும் முன்பே சிற்றுண்டிச்சாலையில் சரோஜா அக்கா சுடச்சுடச் சோறும் முட்டையும் கொடுக்கிறார்.

இன்று தலைமையாசிரியர் நெடுநேரம் பேசினார். வெயில் ஏறியது. என் வரிசையில் அடிக்கடி விழுகிற கவிதாவை விட்டு என் கண் நகரவில்லை. அவள் திரும்பி, "ஏன் டீச்சர் என்னையே பாக்குறீங்க?" என்றாள்.

யாரும் விழவில்லை.

சரோஜா அக்காவிடம் போய்ச் சொன்னேன். "ஒருத்தர்கூடவா விழல?" என்று கேட்டார். பிறகு, "சாப்பாடுதான்லா டீச்சர், வேற என்ன?" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு தட்டுச் சோறு இவ்வளவு செய்யுமா? அடுத்த வாரம் பள்ளி விடுமுறை. அப்போதும் லாரி வருமா? கேட்க வேண்டும்.

கண்ணை மூடினால் அதுவே தெரிகிறது. சபை கலைந்ததும் பிள்ளைகள் வகுப்புக்கு நடக்கவில்லை, கத்திக்கொண்டு ஓடினார்கள். ஓடாதீர்கள் என்று சொல்ல வேண்டியவள் நான். எனக்கு மனம் வரவில்லை.