அண்ணையின் நீலக் காருக்குக் கரியர் பூட்டிய கதை

என் பாசமுள்ள அண்ணைக்கு,

கோபிக்காமல் கேளுங்கள். உங்கள் நீலக் காரின் கூரையில் சாமான் ஏற்றக் கரியர் பூட்டிவிட்டோம். பூட்டியது நானும் அண்ணியும்தான்.

அறுபதுகளில் செய்த கார், அதன் கூரையில் ஒரு ஆணிகூட இறங்கக்கூடாது என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடத்துக்கு மேலாக அது பீலெஃபெல்ட் வீட்டுக் கராஜுக்குள்ளேயே நின்றது. அண்ணி அந்தக் கதவைத் திறக்கவேயில்லை. விற்கவும் மனமில்லை, ஓட்டவும் மனமில்லை.

பிறகு பேர்லினில், நொய்கெல்ன் பக்கம், அவருக்கு ஒரு சின்னக் கடையறை கிடைத்தது. சாரி பிளவுஸ் தைத்துப் பிழைக்கப் போகிறேன் என்றார். தையல் மெஷினைப் பின்சீற்றில் வைக்கலாம். அதன் இரும்புக் காலை எங்கே வைப்பது? எஞ்சின் பின்னாலிருக்கும் உங்கள் காரின் முன்பெட்டிக்குள் ஒரு சூட்கேஸ்தானே போகும்.

"கூரையிலை வைப்பம்," என்று அண்ணியே சொன்னார்.

"அண்ணை விடமாட்டாரே."

"ஓட்டை போடாமல் பூட்டலாமோ எண்டு பாரும்."

பழைய சாமான் சந்தையில் ஒரு கரியர் கிடைத்தது. மழைத்தண்ணீர் ஓடக் கூரை ஓரத்தில் பீலி இருக்கிறதல்லவா, கரியரின் பிடிகள் அதைத்தான் கவ்வும். துளை தேவையில்லை. பெயின்ற் உரசாதபடி சைக்கிள் ரியூபை வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்து நட்டுகளை இறுக்கினோம். நீங்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மெஷினின் இரும்புக் காலை மேலே கட்டி, ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் கூரை ஊளையிடத் தொடங்கியது. அண்ணி ஒரு தரிப்பிடத்தில் காரை நிறுத்தினார். முன்பிடி ஒன்று வழுக்கி, கரியர் கோணலாக நின்றது.

"திரும்பிப் போவமே, அண்ணி?"

"ஏலாது. ரப்பர் தடிப்பாய்ப் போச்சு, அதுதான் பிடி கவ்வேல்லை. ஒரு மடிப்பை வெட்டுவம்."

"பெயின்ற் போயிடும்."

"போகட்டும். உம்மடை அண்ணையின்ரை பெயின்ற்றைவிட எங்கடை உயிர் பெரிசு."

துணியைத் தவிர வேறெதையும் தொடவிடாத தன் கத்தரிக்கோலை எடுத்து, அவர் ரப்பரை வெட்டினார். நான் நட்டை இறுக்க, அவர் கரியரைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. ஆனால் பீலியின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பெயின்ற் போய்விட்டது, அண்ணை. அண்ணி அந்த இடத்தைத் தடவியபடி நின்று அழுதார். நீங்கள் போன பிறகு அவர் அழுததை அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏறும், போவம்," என்றார்.

கிழக்கு ஜேர்மனியின் பழைய எல்லையில் இப்போது ஒருவரும் மறிப்பதில்லை. நேரே போய்ச் சேர்ந்தோம்.

கடை திறந்தாயிற்று. கோயில் திருவிழாவுக்கு முன் தைத்து முடிப்பாரோ தெரியாது, அவ்வளவு துணி. கரியரைக் கழற்றவில்லை. போன ஞாயிறு, அகதி முகாமிலிருந்து வீடு கிடைத்து வந்த ஒரு குடும்பத்தின் மெத்தையும் குழந்தைக் கட்டிலும் அதில்தான் போயின. அண்ணிதான் ஓட்டினார். பீலெஃபெல்டுக்குத் திரும்பிவிட்ட எனக்கு டெலிபோனில் அதைச் சொல்லிச் சிரித்தார்: "இஞ்ச சனம் என்னைக் கார் அக்கா எண்டெல்லே கூப்பிடுது."

அந்தச் சிரிப்பு உங்களுக்குக் கேட்டிருக்குமா?

நானும் கார் ஓட்டப் பழகுகிறேன், அண்ணை. வரும் கோடையில் அண்ணியைப் பக்கத்தில் இருத்தி, கரியர் நிறையச் சாமான் கட்டி, வடகடல் வரைக்கும் நானே ஓட்டிப் போவேன். இது சத்தியம்.

உங்கள் கையைப் பிடித்து இந்த நாட்டுக்கு வந்த தங்கச்சி,
வதனி