புள்ளிகளுக்கும் நன்றி

கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்.

மதிப்பிற்குரிய கணவருக்குக் கோமதியின் வணக்கம். தங்கள் முழங்கால் வலி தணிந்ததா? நான் நலமே.

கருத்துக் கூறினால் பணம் தரும் இணையதளம் ஒன்றில் சேர்ந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஆராய்ந்து, பிழையின்றி விடை எழுதினேன். ஊதியத்தைக் கேட்டபோது, முதலில் நான் கட்டணம் செலுத்த வேண்டும் என்றார்கள். ஐயுற்று, அடுத்த கேள்விகளுக்கு வெறும் புள்ளிகளை மட்டும் இட்டு அனுப்பினேன். அதற்கும் "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்றே பதில் வந்தது. கட்டணம் செலுத்தவில்லை, கவலை வேண்டாம்.

அறைத்தோழி பத்மஜா சிரித்தாள். "அய்யே சேச்சி, அதெல்லாம் ஆரு வாசிக்கப் போறா?"

என் கருத்தை வேறெவரும் இதுவரை கேட்டதில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

நம் வீட்டுக்குத் தாங்கள் வண்ணம் பூசப்போவதாக என் தம்பி சொன்னான். என்ன நிறம் என்று என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கடை வேலைக்கு நேரமாகிவிட்டது.

இங்ஙனம்,
கோமதி