யாக்கோப்பு – வாவியில்

செட்டிபாளையம்

அன்புத் தம்பி அன்ரோவுக்கு,

உனக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணையிருக்க வேண்டி அக்கா எழுதுகிறேன். போனில் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன்.

அண்ணனை வாவியிலிருந்து எடுத்து அடக்கம் செய்த பிறகு, மீனவர் சங்கத்துக் கணினியில் அவருடைய தோணியை நான்தான் நீக்கினேன். எந்தத் தோணி போயிருக்கிறது, எது வந்துவிட்டது என்று காட்ட அங்கே சுவரில் ஒரு திரை இருக்கிறது. மறுநாள் அதில் பழையபடியே நின்றது: "யாக்கோப்பு – வாவியில்." திரும்பவும் நீக்கினேன். திரும்பவும் வந்தது. சங்கத்துக்கு வருகிறவர்கள் திரையைப் பாராமல் போகத் தொடங்கினார்கள். அண்ணனை இழந்த பீற்றிஸ் மச்சாள் மட்டும் பின்னேரங்களில் வந்து அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கரையில் போய் நிற்பார்.

நான் பேய் பிசாசை நம்புகிறவள் அல்ல. இயங்குதளங்களில் வழுத் திருத்துவதுதான் என் வேலை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் அதைக் காணும்போது சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வேன்.

திருத்தப்போகிறேன் என்றதும் மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு டினோஷா. அதிலயாவது அவர் இரிக்கட்டும்" என்றார். விட்டுவிட்டேன்.

போன கிழமை காற்றுக் கிளம்பிய பின்னேரம், வாவிக்குப் போயிருந்த வினாயகமூர்த்தியை "வினாயகமூர்த்தி – கரையில்" என்று திரை காட்டியது. "பொய்! அவர் இன்னும் வரல்ல!" என்று அவர் மனைவி அன்னப்பூரணி கத்திக்கொண்டு ஓடி வந்தார். கவிழ்ந்த தோணியைப் பிடித்தபடி மிதந்தவரை உயிரோடு கொண்டுவந்தார்கள். அதற்குமேல் நான் பொறுத்திருக்கவில்லை; பிழையைத் தேடத் தொடங்கினேன்.

பேயில்லை, தம்பி. கணினி புதிதாக எழுதுவதை முதலில் நினைவகத்தில் வைத்து, பிறகுதான் நிலையாகச் சேமிக்கும் வட்டில் பதியும். நினைவகத்தில் இடம் நெருக்கும்போது, 'மாறியது' என்ற குறி சிலவேளை அழிந்துபோகிறது. அதனால் புதியதைப் பதியாமலே எறிந்துவிட்டு, வட்டில் கிடந்த பழையதை எடுத்துக் காட்டியிருக்கிறது. மற்றவர்கள் தினமும் போய் வருகிறார்கள். ஒரு பிழை அடுத்த நாள் மறைந்துவிடும். அண்ணன் வரப்போவதில்லையே.

திருத்திவிட்டேன். பெயரை நீக்கும்போது மச்சாள், "நானே அழுத்துறன்" என்று சொல்லி அழுத்தினார். அது திரும்ப வரவில்லை. வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "அப்ப, அவர் எங்க எண்டு நான் இனி ஆரிட்டக் கேக்கிற?" என்றார். அதற்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

ஆண்டவர் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். மச்சாளுக்கு ஒருதரம் போன் எடு. உன் குரல் அப்படியே அண்ணனின் குரல். அதனால் எடுத்தவுடன் முதலில் உன் பெயரைச் சொல், தம்பி. வேறு எதுவும் பேச முன்னம் உன் பெயரைச் சொல்லிவிடு.

உன் அக்கா,
டினோஷா