படகு தூரத்திலேயே இருக்கட்டும்

இன்று காலை உன் ஹெட்போனை மாட்டினேன். உரிந்துகொண்டிருக்கும் அதன் கறுப்புத் தோல் கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது. துடைக்கக்கூட நேரமில்லை. மாலைக்குள் உன் பாட்டைச் சத்தமாக்கி அனுப்பாவிட்டால் தொகுப்பிலிருந்தே எடுத்துவிடுவார்களாம். "மத்த பாட்டுக்குப் பக்கத்துல இது செத்துக் கெடக்குதும்மா" என்றார் தொகுப்பை வெளியிடும் கம்பெனிக்காரர். நீ போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. அவர் வேறு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ராயபுரத்தில் இதே மாடி அறையில் நீ பாட்டைக் கோப்பாய், நான் கடைசியில் அதன் சத்தத்தைச் சீராக்கி ஏற்றும் மாஸ்டரிங் செய்வேன். எத்தனை சண்டை! ஆட வைக்கிற பாட்டு அதிரத்தான் வேண்டும். அதில் உனக்கும் ஆசைதான். ஆனால் எல்லோரும் சத்தத்தில் போட்டிபோட ஆரம்பித்தபின் நீ கோக்கிற விதமே மாறிப்போனது. மெல்லிய மணியோசை ஒன்றைப் போடுவாய், உடனே அழிப்பாய். "எப்டியும் நீ நசுக்கிருவ. அப்பால இன்னாத்துக்குடி போடணும்?" என்பாய். கடைசியில் செய்கிற வேலை உன் கற்பனைக்குள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

இந்தப் பாட்டில் மட்டும் அடம்பிடித்தாய். முகத்துவாரக்குப்பம் கரையில் நின்று, உன் அப்பாவின் படகு திரும்பும் சத்தத்தைப் பதிந்து வந்தாய். எஞ்சின் மெல்ல மெல்ல நெருங்கி, அதுவே தாளமாகிவிடும்.

"மொதல்ல கேக்குதா இல்லையான்னே தெரியலயேடி" என்றேன்.

"தெரியலல்ல? அதான். சின்ன வயசுல அம்மா என் வாயைப் பொத்திகினு கேக்கும். அந்தச் சத்தம் வந்தாத்தான் எங்க வூட்ல மூச்சே வரும்."

அடுத்த வாரமே எண்ணூர் சாலையில் லாரி மோதி நீ போய்விட்டாய்.

இன்று பிற்பகல் லிமிட்டரை ஏற்றினேன். அது உச்சங்களை நசுக்கி, மெல்லியதையெல்லாம் மேலே தூக்கிவிட்டது. அவர் கேட்ட சத்தம் வந்தது. படகு முதல் நொடியிலேயே கரையில் நின்றது; யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் இறக்கி, நீ வைத்தபடியே அனுப்பினேன்.

"சரிம்மா, எடுத்துட்டோம்" என்று பதில் வந்தது. உன் பெயரில் வெளிவர மிச்சமிருந்த ஒரே பாட்டு அது. அழுதேன். அவரைத் திட்டினேன், என்னை இப்படி மாட்டிவிட்டுப் போன உன்னையும் திட்டினேன்.

இப்போது நானே கோக்கிற புதுப் பாட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் மிகச் சின்னதாக ஓர் ஒலி போட்டிருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த அடம்தான். ஒன்றும் கேட்கவில்லையே என்பார்கள். பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கட்டும்.